துடைக்கிற கையைக் கேட்டு யாருங்க அடுப்பு செய்றாங்க?

"அடுப்பு துடைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு நிமிஷத்துல முடியாதா?"

இப்படிக் கேக்கிற ஒருத்தராவது உங்க வீட்ல இருப்பாங்க. என் வீட்லயும் உண்டு. கோபமா எல்லாம் கேக்க மாட்டாங்க. செல்போனைப் பாத்துக்கிட்டே, போற போக்குல கேப்பாங்க. அதுதாங்க சுருக்குனு குத்துது. சமையலைப் பத்தி ஆயிரம் பேர் பேசுவாங்க. ருசி, கைமணம், பாரம்பரியம்னு பக்கம் பக்கமா எழுதுவாங்க. சமைச்சு முடிச்சப்புறம் அந்த அடுப்பு கிடக்கிற கோலத்தைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசிக் கேட்டிருக்கீங்களா?

ஒரு நாள்ல ஒரு கேஸ் அடுப்பு மேல என்னென்ன விழுதுன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. விடிஞ்சதும் பால். அப்புறம் இட்லிப் பானைத் தண்ணி. சோத்துக் கஞ்சி. குக்கர் விசில் வரும்போது தெறிக்கிற பருப்புத் தண்ணி. தாளிக்கும்போது வெடிச்சுச் சிதறுற கடுகு. கொதிக்கிற புளிக்குழம்பு. அப்பளம் பொரிச்ச எண்ணெய். ராத்திரி தோசை மாவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். கஞ்சி காய்ஞ்சா பர்னர் ஓட்டையை அடைச்சுடும். பால் கருகிட்டா நகத்தால சுரண்டினாலும் வராது. உப்பும் புளியும் சேர்ந்து தேங்கி நின்னா ஸ்டீலையே அரிச்சுப் புள்ளி புள்ளியா ஆக்கிடும்.

எண்ணெய் கதை தனி. பர்னரைச் சுத்தி மஞ்சளா, அப்புறம் பழுப்பா, அப்புறம் கறுப்பா ஒரு பிசுக்கு ஏறுதே, அது வெறும் எண்ணெய் கிடையாது. மெல்லிசாத் தெறிச்ச எண்ணெய் சூட்டுலயும் காத்துலயும் மாறி, கெட்டியான பாலிமரா ஆயிடுது. புது இரும்பு தோசைக்கல்லைப் பழக்குறதுக்கு நாமளே எண்ணெய் தடவிக் காய வைக்கிறோமே, அங்க நடக்கிறதும் இதேதான். தோசைக்கல்லுல அந்தப் படலம் அசையாம இருக்கணும்னு வேண்டிக்கிறோம். அடுப்புலயும் அது அசையாமத்தான் இருக்கு! அதைத்தான் ரெண்டு நிமிஷத்துல துடைச்சுட்டு வரணுமாம்.

நம்ம சமையல் பொங்குற சமையல்ங்க. தைப்பொங்கல் அன்னிக்குப் பால் பொங்கி வழிஞ்சாத்தான் நமக்கு மனசு நிறையும். அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க கேஸ் அடுப்புலதான் பானையை வைக்கிறோம். குலவை போட்டு, "பொங்கலோ பொங்கல்"னு கூவி, எல்லாரும் இலைக்கு முன்னால உக்காந்தப்புறம் அந்தப் பர்னரைக் கழட்டி, வெல்லமும் பாலும் கருகினதைச் சுரண்டுறது யாரு? பொங்கி வழியுற சமையலுக்கு, வழிஞ்சதைத் தாங்குற மாதிரி, வழிச்சுத் துடைக்க வசதியா இருக்கிற மாதிரி ஒரு அடுப்பு வேணுமா வேண்டாமா? இவ்வளவுதாங்க என் கேள்வி.

இப்பக் கடையில நிக்கிற அடுப்புகளைப் பாருங்க. கறுப்புக் கண்ணாடி, பளபளன்னு மின்னுது. கடை வெளிச்சத்துல ராஜகம்பீரமாத்தான் இருக்கு. வீட்டுக்கு வந்த மறுநாளே தெரிஞ்சுடும். தண்ணி சொட்டினா வெள்ளைத் திட்டு. துணியால துடைச்சா துணி போன தடம். கை வெச்சா விரல் அடையாளம். ஈரத்துணி, அப்புறம் காய்ஞ்ச துணி, அப்புறம் வெளிச்சத்துல சாய்ஞ்சு பாத்து இன்னொரு தடவை. இதெல்லாமாவது மேல இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. கண்ணாடிக்கும் பர்னர் வளையத்துக்கும் நடுவுல ஒரு நூலிடைவெளி இருக்கே, அங்க போன பாலை எடுக்க எந்தத் துணி நுழையும்? நாபுக்கு அடியில போன எண்ணெயை எப்படி எடுக்கிறது? பாத்திரம் வைக்கிற ஸ்டாண்டோட கால் உக்கார்ற குழியில சேர்ற அழுக்கை?

சில அடுப்புல சொட்டு விழுற தட்டே கிடையாது. வழிஞ்சா நேரா உள்ள போயிடும். சிலதுல தட்டு இருக்கு, ஆனா உள்ளங்கை அகலம்தான். அடுப்போட அடிப்பக்கம் கை விட்டா தகரத்தோட ஓரம் கத்தியா நிக்குது. விரலைக் கிழிச்சுக்காம அடுப்பைத் தூக்கித் துடைக்கிறவங்க பாக்கியசாலிங்க. விக்கிறவனுக்கு மேல் பக்கம் பளபளத்தாப் போதும். அடிப்பக்க ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு விட்டா என்ன செலவாயிடும்? அந்த ஓரத்துல ஒரு கை படும்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையே, அதை நெனைச்சாத்தான் ஆத்தாமையா இருக்கு.

நாலு பர்னர்னு சொல்லி விக்கிறாங்க. நாலும் ஒட்டி ஒட்டி உக்காந்திருக்கு. ஒண்ணுல குக்கரும் ஒண்ணுல இட்லிப் பானையும் வெச்சா மத்த ரெண்டுக்கும் இடம் ஏது? ஆனா துடைக்கும்போது மட்டும் நாலையும் துடைக்கணும். பயன்படுத்தாத பர்னர்லயும் பக்கத்துல தாளிச்ச எண்ணெய் வந்து உக்காந்திருக்கும்.

மாடுலர் கிச்சன்ல கல்லை அறுத்துப் பதிக்கிற ஹாப் இன்னும் மோசம். தூக்கித் துடைக்கிற பேச்சே இல்ல. அதைப் பதிக்கக் கிரானைட்ல அறுக்கிற ஓட்டையோட அளவு மாடலுக்கு மாடல் வேற. சில வருஷம் கழிச்சு அது கெட்டா, அதே அளவுல இன்னொண்ணு தேடணும், இல்ல கல்லை மறுபடி அறுக்கணும். இதுல சிலிண்டரை வேற கீழ அலமாரிக்குள்ள அடைச்சு, கதவைப் பூட்டி அழகு பாக்கிறாங்க. எல்பிஜி காத்தை விடக் கனமான வாயுங்க. கசிஞ்சா மேல போகாது, தரையோட தேங்கும். மூடின அலமாரியில, கீழ காத்து போக வழி இல்லாம சிலிண்டரை வைக்கலாமா? அலமாரிக் கதவுக்கு என்ன கலர்னு பத்து தடவை கேட்டவங்க, காத்து போக வழி விடட்டுமான்னு ஒரு தடவை கேட்டாங்களா?

கடையில விக்கிற தம்பிகிட்ட ஒரு நாள் கேட்டேன். "இதை எப்படிப்பா கழட்டித் துடைக்கிறது?" அவர் முகத்துல ஒரு திகைப்பு. "ஈஸி கிளீன் மேடம், சும்மா துடைச்சா போதும்"னாரு. "கழட்டிக் காட்டுப்பா"ன்னேன். அவருக்குத் தெரியல. மேனேஜரைக் கூப்பிட்டாரு. அவருக்கும் தெரியல. ஆட்டோ இக்னிஷன் தெரியுது, இஎம்ஐ தெரியுது, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் மனப்பாடமா வருது. துடைக்கிறது எப்படின்னு மட்டும் அந்தக் கடையில ஒருத்தருக்கும் தெரியல. ஏன்னா, யாரும் கேட்டதில்லையாம்.

கண்ணாடி அடுப்பு வெடிச்சுடுச்சுன்னு அக்கம்பக்கத்துல கேள்விப்பட்டிருப்பீங்க. அது மாயமில்ல. இந்தக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டுனு குளிர வெச்சு உறுதியாக்குறாங்க. டஃபன்டு கிளாஸ்னு சொல்றது இதைத்தான். மேல் பரப்பு இறுகிப் போய், உள்ள ஒரு இழுவிசை எப்பவும் நின்னுக்கிட்டே இருக்கும். அந்த இறுக்கம்தான் அதுக்குப் பலம். ஆனா ஆழமா ஒரு கீறல் விழுந்தாலோ, ஓரத்துல குக்கர் இடிச்சாலோ, அந்த விசை எல்லாம் ஒரே நேரத்துல அவிழ்ந்து பொடிப் பொடியாச் சிதறும். அடுப்பு கொதிக்கிற சூட்டுல இருக்கும்போது பச்சைத் தண்ணியை ஊத்தித் துடைக்கக் கூடாது. கம்பி நாரைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. அடுப்புல இருந்து இறக்கின குக்கரைக் கண்ணாடி மேல வைக்கக் கூடாது. இதையெல்லாம் பில் போடும்போது ஒரு ஆள் சொன்னா என்ன? பெட்டிக்குள்ள பொடி எழுத்துல ஒரு தாள் கிடக்கு. அதையும் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் அச்சடிச்சிருக்காங்க. எங்க வீட்ல வேலைக்கு வர்ற அக்கா அதை எப்படிப் படிப்பாங்க?

அவங்களைப் பத்தியும் சொல்லணும். எத்தனை வீட்ல, "அடுப்பை நல்லாத் தேச்சுடும்மா"ன்னு ஒரு கம்பி நாரைக் கையில கொடுத்துட்டு, கீறல் விழுந்தா அவங்க மேலயே பழியைப் போடுறாங்க! கையுறை கொடுக்கிறோமா? வீரியமான சோப்புத் தண்ணியிலயும் சோடாத் தண்ணியிலயும் ஊறி ஊறி அவங்க விரல் நுனி வெடிச்சுக் கிடக்கிறதை என்னிக்காவது பாத்திருக்கோமா?

சரி, வீடியோ பாத்துக் கத்துக்கலாம்னா, அது வேற கொடுமை. சமையல் சோடாவைக் கொட்டு, மேல வினிகரை ஊத்து, நுரை பொங்குது பாரு, அழுக்கு ஓடுது பாருன்னு பாட்டுப் போட்டுக் காட்டுறாங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச கெமிஸ்ட்ரிங்க அது. சோடா காரம், வினிகர் அமிலம். ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு தீர்த்துக்கும். மிஞ்சுறது கார்பன் டை ஆக்சைடு, தண்ணி, சோடியம் அசிடேட்ங்கிற ஒரு உப்பு. அந்த நுரை கண்ணுக்குத்தான் விருந்து. பிசுக்கை எடுக்க வேண்டிய காரமும் போச்சு, கறையை எடுக்க வேண்டிய அமிலமும் போச்சு. லட்சக்கணக்கானவங்க பாத்துட்டு வினிகர் பாட்டிலைக் காலி பண்ணிட்டு, "எனக்கு மட்டும் ஏன் வரல"ன்னு இன்னும் பலமாத் தேய்க்கிறாங்க. தேய்க்கிறவங்க தோள்பட்டை வலிக்கு அந்த வீடியோ போட்டவரா தைலம் தேய்ப்பாரு?

அதை விட ஆபத்து, கழிவறை ஆசிட்டைப் பர்னர்ல ஊத்துற வீடியோ. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காம இருக்கிறதே அது மேல இருக்கிற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலத்தாலதான். இந்த அமிலம் அந்தப் படலத்தையே தின்னுடும். அப்புறம் புள்ளி புள்ளியா துரு. அங்க பக்கத்துல பிளீச்சிங் பவுடரும் இருந்து ரெண்டும் கலந்துட்டா குளோரின் வாயு கிளம்பும். மூச்சு முட்டும். சமையலறையில, குழந்தைங்க நடமாடுற இடத்துல செய்யற காரியமா இது?

அடுத்தது, பர்னரைச் சோடாத் தண்ணியில போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்றாங்க. பல அடுப்புல பர்னரோட மேல் மூடி பித்தளை, கீழ இருக்கிற உடம்பு அலுமினியம். பித்தளை தாங்கும். அலுமினியம் காரத்துல கறுத்துப் போகும், நாளாக நாளாக அரிக்கும். ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போடக் கூடாதுன்னு யாராவது சொல்றாங்களா?

உண்மையில வேணுங்கிறது பெரிய வித்தையெல்லாம் இல்லைங்க. கேஸை ரெகுலேட்டர்லயே மூடணும். அடுப்பு ஆறணும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு, காய்ஞ்ச கறை மேல போட்டுட்டு விட்டுடணும். ஊறட்டும். பாதி வேலையை ஊறல் பாத்துக்கும். எண்ணெய்ப் பிசுக்குன்னா, ஸ்டீல் மேலயும் கண்ணாடி மேலயும் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சுத் தடவி, கொஞ்ச நேரம் பொறுத்து, மெத்துனு இருக்கிற ஸ்பாஞ்சால எடுக்கணும். பித்தளை மூடி கறுத்திருந்தா அதை மட்டும் தனியாக் கழட்டி, புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேச்சு, நல்லாக் கழுவணும். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் துலக்குறவங்களுக்கு இதைச் சொல்லித் தரவா வேணும்? காரம் தனியா, அமிலம் தனியா. அப்புறம் ஈரமே இல்லாம காய வெச்சு, பர்னர் மூடி அதோட இடத்துல சரியா உக்காருதான்னு பாத்து மாட்டணும். கடைசியா பத்த வெச்சுத் தீயைப் பாக்கணும். சுத்தி ஒரே சீரா, நீலமா நிக்கணும்.

அந்த நீலத் தீயைப் பத்திப் பேசணுங்க. துடைக்கிறது அழகுக்காகன்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். ஜெட்ல இருந்து கேஸ் வேகமாப் பாயும்போது, பக்கத்து வாய் வழியாக் காத்தையும் இழுத்துக்கிட்டு பர்னருக்குள்ள போகுது. ரெண்டும் அளவாக் கலந்தாத்தான் நீலம். ஓட்டை அடைச்சுக்கிட்டாலோ, காத்து நுழையுற வாய்ல பிசுக்கு ஏறினாலோ, பூச்சி கூடு கட்டினாலோ, தீ மஞ்சளா ஆடும். மஞ்சள்னா கேஸ் முழுசா எரியலன்னு அர்த்தம். பாத்திரத்து அடியில கரி ஏறும். கேஸ் வீணாகும். அதோட கார்பன் மோனாக்சைடும் வரும். அதுக்கு வாசனை கிடையாது. சன்னலைச் சாத்திட்டுச் சமைக்கிற வீட்ல அது விஷம்.

நம்ம நாட்டு கேஸ் அடுப்புக்கு ஐஎஸ் 4246னு ஒரு தரநிர்ணயம் இருக்கு. குறைஞ்சது 68 சதவீத வெப்பத்திறன் வேணும்னு அது கேக்குது. அதாவது எரியுற கேஸோட சூட்டுல அவ்வளவாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேரணும். புது அடுப்பு ஆய்வுக்கூடத்துல அந்தத் தேர்வுல பாஸாகும், சரி. கஞ்சி வழிஞ்சு பாதி ஓட்டை அடைஞ்ச பர்னர்ல அந்தத் திறன் எங்க போகும்? 14.2 கிலோ சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடுச்சுன்னு வீட்ல கணக்குக் கேக்கிறவங்க, பர்னர் ஓட்டையைக் குனிஞ்சு பாத்ததுண்டா? துடைக்கிறது வீட்டுப் பணத்தைக் காப்பாத்துற வேலை. உயிரைக் காப்பாத்துற வேலை. அதுக்குத்தான் ரெண்டு நிமிஷம்னு பேரு.

தீ மஞ்சளாச்சுன்னு ஆளைக் கூப்பிட்டா என்ன நடக்குது? வந்தவரு சட்டைப் பையில இருந்து ஒரு ஊக்கை எடுத்தாரு. ஜெட்டுக்குள்ள குத்த ஆரம்பிச்சாரு. எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. அந்த ஜெட் பித்தளை. அதோட துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எவ்வளவு கேஸ் வரணும்னு கணக்குப் போட்டுத் துளைச்சது. ஊக்கால குத்தினா துளை பெருசாகும், கேஸ் கூடும், காத்து போதாது, தீ இன்னும் மஞ்சளாகும். அந்தக் காலத்து மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வுக்குப் பின் குத்துறது சரி. அந்த ஸ்டவ்வுக்குன்னே மெல்லிசான பின் கடையில விப்பாங்க. அந்தப் பழக்கத்தை அப்படியே கேஸ் அடுப்புக்கும் கொண்டுவந்துட்டோம். பம்ப் ஸ்டவ் போய் எவ்வளவோ காலமாச்சு, பின்னு மட்டும் இன்னும் போகல. வீட்டு ஆளுங்களுக்குத் தெரியலன்னா மன்னிக்கலாம். இதையே தொழிலா வெச்சிருக்கிறவருக்குச் சொல்லித் தர்றது யாரு பொறுப்பு?

"வேண்டாம்ப்பா, ஜெட்டை மாத்திக் கொடு"ன்னு கேட்டேன். "இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் வர்றதில்ல மேடம். பேசாம புதுசு வாங்கிடுங்க"ன்னாரு. அவ்வளவுதான். உடம்பு கெட்டியா இருக்கு, வால்வு நல்லா இருக்கு, ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இல்லாததால மொத்த அடுப்பையும் பழைய இரும்புக்குப் போடணும். முன்னாடியெல்லாம் கடைத்தெருவுல ஸ்டவ் ரிப்பேர் கடை இருக்கும். வாசல்ல பர்னரு, நாபு, ஜெட்டு எல்லாம் கம்பியில கோத்துத் தொங்கும். எந்தக் கம்பெனி அடுப்பா இருந்தாலும் அங்க ஒரு நாப் பொருந்தும். இப்ப ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நாப். அது உடைஞ்சா கொறடு வெச்சுத் திருகிக்கிட்டிருக்கிற வீடு எனக்குத் தெரியும். கேஸை அணைக்கக் கொறடு தேடுற நிலைமை சாதாரணமானதாங்க?

2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர்னு ஒரு இணையதளம் தொடங்கினாங்க. வாங்கின பொருளைப் பழுது பாத்துக்கிற உரிமை. வண்டி, செல்போன், வீட்டுச் சாதனம், விவசாயக் கருவின்னு நாலு வகை சொன்னாங்க. நல்ல விஷயம். ஆனா கடைத்தெருவுல என் கைக்கு ஒரு ஜெட் வந்து சேரலையே! உரிமைன்னு சொன்னா, அது அடுப்படி வரைக்கும் வரணுமா இல்லையா?

ட்யூப் விஷயத்துலயும் இதே கதிதான். உள்ள கம்பி வலை வெச்ச ஆரஞ்சு கலர் சுரக்ஷா ட்யூபை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அது மேலயே தேதி அச்சடிச்சிருக்கும். துடைக்கும்போது அதையும் ஒரு தடவை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு இருக்கான்னு. கேஸ் ஏஜென்சி ஆள் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து அடுப்பு, ட்யூப் எல்லாத்தையும் முழுசா சோதிக்கணும்னு ஒரு விதியே இருக்கு. எங்க வீட்டுக்கும் ஒருத்தர் வந்தாரு. வாசல்லயே நின்னு, தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து"ன்னாரு. "உள்ள வந்து பாருங்க"ன்னேன். "எல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கும்"னாரு. பாக்காமலே எப்படிங்க சரியா இருக்கும்? நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னப்புறம்தான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. நம்ம கையெழுத்துல ஒரு பாதுகாப்புச் சோதனை முடிஞ்சதாக் கணக்கு ஏறுது. அந்தக் கணக்கை நம்பி யாரோ ஒரு அதிகாரி நிம்மதியா இருக்காரு. நாளைக்கு ஒண்ணு ஆனா, "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க"ம்பாங்க.

எல்பிஜிக்குச் சொந்தமா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு எத்தில் மெர்காப்டன் கலக்கிறாங்க. அந்த நாத்தம் வந்தா சுவிட்ச் எதையும் தொடாம, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துட்டு வெளிய போய் 1906க்குப் போன் பண்ணணும். இந்த நம்பர் எத்தனை வீட்டுச் சமையலறைச் சுவத்துல ஒட்டியிருக்கு? அடுப்பு கொடுக்கிறதுல அரசாங்கம் குறை வெக்கல. 2006ல ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமா கேஸ் அடுப்பு கொடுத்துச்சு. 2016ல மத்திய அரசோட உஜ்வலா கேஸ் இணைப்புத் திட்டம் வந்துச்சு. விறகுப் புகையில கண்ணைக் கசக்கின பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு எங்கம்மாவைக் கேட்டாச் சொல்வாங்க. அடுப்பைக் கொடுத்தது பெரிய காரியம். கொடுத்ததோட நிக்காம, அந்த அடுப்பை வருஷா வருஷம் பாத்துச் சொல்ல, ட்யூபை மாத்திக் கொடுக்க, பர்னரைச் சுத்தம் பண்ணச் சொல்லித் தர தெருவுக்கு ஒரு ஆள் இருந்திருக்கணும். கொடுக்கிறதுக்கு விழா எடுக்கிற ஊர்ல, பராமரிக்கிறதுக்கு ஆள் போடுறது ஏன் இவ்வளவு கஷ்டம்? பாலமா இருந்தாலும் பள்ளிக்கூடக் கழிவறையா இருந்தாலும் இதேதான் நடக்குது. திறக்கிற அன்னிக்கு ரிப்பன். அப்புறம் கூட்டிப் பெருக்க ஒரு நாதி கிடையாது.

வீட்டுக்குள்ளயும் அதே புத்திதாங்க வந்து உக்காந்திருக்கு. சமைக்கிறது கண்ணுக்குத் தெரியுது, பாராட்டு கிடைக்குது. துடைக்கிறது கண்ணுக்குத் தெரியல. துடைக்காம விட்டாத்தான் தெரியும், அப்பவும் திட்டாத்தான் தெரியும். 2024ல நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வுல ஒரு கணக்கு வந்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். 2019ல எடுத்தப்போ பெண்கள் 299, ஆண்கள் 97. பெண்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கேன்னு சந்தோஷப்படலாம்னு பாத்தா, ஆண்களுக்கும் குறைஞ்சிருக்கு! அந்த 289 நிமிஷத்துக்குள்ளதான் இந்த அடுப்பும் கிடக்கு.

என் வீட்டுக்காரர் நல்லாச் சமைப்பாருங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணி அவர் கைதான். ஊரே மெச்சும். சமைச்சு முடிச்சுட்டு, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே ஹாலுக்குப் போயிடுவாரு. பின்னாடி அடுப்பு நெய்யும் மசாலாவுமா நிக்கும். "ஏங்க, அடுப்பு?"ன்னா, "அதை அப்புறம் பாத்துக்கலாம்"பாரு. அந்த அப்புறத்துக்குள்ள அது காய்ஞ்சு இறுகிடும். ஆறினவுடனே துடைச்சா துணியோட போற கறை, ராத்திரி வரைக்கும் கிடந்தா கை ஒடிய தேய்க்க வைக்கும். "நான்தான் சமைச்சேனே"ங்கிறாரு. தினமும் சமைக்கிற நான் ஒரு நாளாவது அப்படிச் சொல்லிட்டுப் போயிருக்கேனா?

இதை அவர்கிட்டயே சொல்லிட்டேன், அதனால இங்க எழுதுறதுல ஒளிவுமறைவு இல்ல. சமையல் எங்க முடியுதுங்கிறதுலதான் எங்களுக்குள்ள தகராறு. பரிமாறினதோட முடியுதுன்னு அவர் சொல்றாரு. அடுப்பைத் துடைச்சு, ரெகுலேட்டரை மூடினாத்தான் முடியுதுன்னு நான் சொல்றேன். இதுல நான் இறங்கி வர்றதா இல்ல. என் மகனுக்குச் சமைக்கக் கத்துக் கொடுக்கும்போது முதல்ல பர்னரைக் கழட்டி மாட்டத்தான் கத்துக் கொடுத்தேன். முட்டை தோசை அதுக்கப்புறம்தான்.

அடுத்து நீங்க அடுப்பு வாங்கப் போனா ஒண்ணு பண்ணுங்க. விலை கேக்கிறதுக்கு முன்னாடி, "இதைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக் காட்டுங்க"ன்னு கேளுங்க. தட்டு வெளிய வருதா, அடி ஓரம் கையைக் கிழிக்குதா, நாப் தனியாக் கிடைக்குதா, ஜெட் ஸ்பேர் எங்க வாங்குறது, எல்லாத்தையும் நின்னு கேளுங்க. பின்னாடி நிக்கிறவங்க முகம் சுளிச்சாலும் கேளுங்க. அவங்க வீட்லயும் யாரோ ஒருத்தர் துடைக்கத்தான் போறாங்க. பதில் சொல்லத் தெரியலன்னா வாங்காம வந்துடுங்க. சோதிக்க வர்ற ஆள் உள்ள வந்து பாக்காம கையெழுத்துப் போடாதீங்க. ரிப்பேருக்கு வர்றவர் ஊக்கை எடுத்தா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. வாங்குறவங்க எல்லாரும் கேக்க ஆரம்பிச்சா செய்றவங்க மாத்தித்தான் ஆகணும். நாம கேக்கலன்னா, அடுத்த வருஷமும் இன்னும் பளபளப்பா, இன்னும் துடைக்க முடியாத ஒண்ணைத்தான் நம்ம தலையில கட்டுவாங்க.